‘இல்லை’ பக்கம் பத்து டொலர்

மார்ச் 7, சனி

மேகமூட்டம். மைனஸ் இரண்டு. வாசலில் கரைந்த பனி மறுபடி இறுகி ஒரே வழுக்கல். வாசலில் தூவுகிற உப்பு முடிந்துவிட்டது.

செய்ய வேண்டியவை: உப்பு. சேவியரின் பிறஷர் மருந்து. காருக்கு எண்ணெய் மாற்றல். திரேசா மச்சாளுக்கு அந்த நாசமாய்ப்போன ஒப்பீடு.

இந்தக் குடும்பத்தில் எந்தக் கோதாரி என்றாலும் சின்ன எழுத்தை வாசிக்கிறவள் நான்தான். தொலைபேசி அட்டை இருந்த காலத்தில் எந்த அட்டையில் யாழ்ப்பாணத்துக்கு நிமிடம் கூட என்று பட்டியல் போட்டவள் நான். பிறகு இன்ரநெற், விமானச் சீட்டு, கார் இன்சூரன்ஸ். கல்யாணம் கட்டிக் கனடாவுக்கு வந்த நாளிலிருந்து சேவியரின் ஆட்கள் என்னைக் குடும்பத்து வக்கீலாக்கி வைத்திருக்கிறார்கள், சம்பளம் இல்லாமல்.

இப்போது மெலனியின் கேம். எங்கள் ஒரே மகள், 22 வயது. பல் சுத்திகரிப்புப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மூன்று வருடமாக பேஸ்மென்றில் கணினி முன்னால் இருக்கிறாள். துப்பாக்கி விளையாட்டு. இப்போது ஏதோ ஓர் அணியில் சேர்த்து மாதச் சம்பளமும் கொடுக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை போட்டி; வென்றால் பெரிய சுற்றுக்குப் போகலாமாம். அதில் யார் வெல்வார் என்று காசு கட்டுகிற இணையத்தளங்கள் இருப்பதை மச்சாள் கண்டுபிடித்துவிட்டார். மச்சாள் என்றால் சேவியரின் அக்கா. எங்கள் ஸ்ரௌவ்வில் ஊரிலிருந்து அரை மணித்தியாலம் தள்ளி மில்லிக்கனில் வீடு. ஓய்வூதியக்காரி, நேரம் கொள்ளை.

காலை எட்டு மணிக்கே ஃபோன்.

"ஜெசி, எங்கட பிள்ளைக்கு வோட் போடலாமாம். எந்த வெப்சைற் நல்லதெண்டு ஒருக்கா வடிவாப் பாத்துச் சொல்லும்."

"அது வோட் இல்லை மச்சாள். பந்தயம்."

"எல்லாம் ஒண்டுதான். போன வருசம் ரீவியில பாட்டுப் போட்டி நடக்கேக்க நாங்கள் இங்க இருந்து விழுந்து விழுந்து வோட் போட்டபடியால்தானே அந்தப் பிள்ளை கடைசிமட்டும் வந்தவள்."

"தவக்காலம் மச்சாள். சூது விளையாடலாமோ?"

"சூதோ? பிள்ளைக்கு ஆதரவு குடுக்கிறது சூதே? நான் தவக்காலத்துக்கு சீரியல் பாக்கிறதை விட்டிருக்கிறன். அது காணும்."

உப்பு வாங்கினேன். எண்ணெய் மாற்றவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கோடைகால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிய நாள். அரைத் தூக்கத்தில் பூசை. அடுப்பிலுள்ள மணிக்கூட்டை மாற்ற ஒருவருக்கும் தெரியாது. நவம்பர் வரைக்கும் பிழையாகவே இருக்கட்டும்.

பூசை முடிந்து கோயில் கார்த் தரிப்பிடத்தில் என்னைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். காதில் விழுந்தவை:

"ஆர், அந்த கேம் விளையாடுற பிள்ளையோ?"

"ஓமோம், எங்கட சேவியற்ற மகள்."

"வெள்ளைக்காரப் பெடியளோட நிண்டு அடிக்கிறாளாம்."

"எங்க அமத்திறது எண்டு சொல்லுங்கோ அன்ரி, இப்பவே அமத்துறன்."

சேவியர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். மூன்று வருடமாக "படிப்பைக் குழப்பினவள்" என்றவருக்கு இன்றைக்கு "என்ர மகள்". எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெலனியிடம் யாராவது கேட்டார்களா? இல்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கேம் கதை எடுத்தால் எங்கள் வீட்டில் கதவு அடிபடும். ஆகையால் நாங்கள் இருவரும் சோறு, உடுப்புத் தோய்ப்பு, காரில் கொண்டுபோய் விடுவது, இவற்றோடு நிறுத்திக்கொள்கிறோம். சமாதானம் என்று அதற்குப் பெயர்.

மார்ச் 9, திங்கள்

பல் மருத்துவமனையில் என் வரவேற்பு மேசை வேலை. இரண்டு பேர் சொல்லாமலே வரவில்லை. ஒருவர் சொல்லாமலே வந்துவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டியல். பெயர்களை எழுதி என்ன பயன், மச்சாளுக்கு நிறம்தான் ஞாபகம் நிற்கும். சின்னத்தின் நிறத்தால் எழுதினேன்.

எல்லாத் தளத்திலும் சூத்திரம் ஒன்றுதான். மெலனியின் அணி வெல்லும் என்றால் ‘ஓம்’ சீட்டு, தோற்கும் என்றால் ‘இல்லை’ சீட்டு. சரியாக வந்தால் சீட்டுக்கு ஒரு டொலர். பிழைத்தால் பூச்சியம். இன்றைக்கு ‘ஓம்’ 41 சதம், ‘இல்லை’ 59 சதம். அதாவது உலகம் நினைக்கிறது அவர்கள் தோற்பார்கள் என்று.

நீலம்: சேருவது சுகம். காசு போடக் கட்டணம் இல்லை, வெளியே எடுக்க உண்டு. (கெட்டிக்காரர்கள்.) போட்டி தள்ளிப்போனால் இரண்டு கிழமை பார்த்துவிட்டு இரு பக்கத்துக்கும் ஐம்பது சதம்.

பச்சை: சாரதி அனுமதிப்பத்திரத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். மூன்று தரம் எடுத்தேன், மூன்றிலும் கள்ளி மாதிரி. போட்டி நின்றால் காசு முழுக்கத் திரும்பும். ஆனால் திரை முழுக்கக் கோடும் கட்டமும்; மச்சாளுக்குச் சரிவராது.

கறுப்பு: ஒன்ராறியோ ஆட்களுக்கு அனுமதி இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். மச்சாளின் மருமகன்: "அல்பேர்ட்டா எண்டு போட்டா விடும் அன்ரி." வெட்டினேன்.

பக்கத்து மேசை பரீனா எட்டிப் பார்த்தாள். கல்முனைக்காரி, பத்து வருடமாக என்னோடு வேலை. "என்ன ஜெசி, சூதாட்டத்துக்கும் கணக்கப்பிள்ளை வேலையா?" என்று சிரித்தாள். "புள்ளைக்கிட்ட ஒரு சொல் கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்றேன்.

நீலத்தின் விதிகளில் பதின்மூன்றாவது வரைக்கும் வாசித்தேன். அதற்குள் மச்சாளின் ஃபோன்.

மார்ச் 10, செவ்வாய்

மழையும் பனியும் கலந்து. பட்டியலைக் காலையில் குடும்பக் குழுவில் போட்டேன். கீழே: "நீலம் சுகம்." இந்த இரண்டு சொல்லுக்காக என் கையை வெட்டிப் போடலாம். மாலைக்குள் முப்பத்தெட்டுப் பேர் நீலத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

வந்த கேள்விகள்:

- ஒரு ஆள் எத்தினை வோட் போடலாம்?
- அம்மாவின்ர பேரிலயும் போடலாமோ, அவ முதியோர் ஹோமில இருக்கிறா?
- லண்டன் ஆக்கள் போட ஏலுமோ?
- பாஸ்வேர்ட் மறந்துபோச்சு ஜெசி, உமக்குத் தெரியுமோ?

எனக்கு எப்படித் தெரியும், யேசுவே.

‘ஓம்’ 41 சதத்தில் இருந்து 78க்கு ஏறிவிட்டது. மச்சாள் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார், பின்னணியில் குக்கர் விசில்: "பாத்தனீங்களோ, பிள்ளை முன்னுக்கு வந்திட்டாள்! விடாதேங்கோ, போடுங்கோ!"

பிள்ளை ஓர் அடியும் முன்னுக்கு வரவில்லை. நாங்கள் விலையைத்தான் ஏற்றிவிட்டிருக்கிறோம். குழுவில் இரண்டு தரம் விளக்கி எழுதினேன். கைகூப்பும் படம் பதினொன்று வந்தது. ஒருவரும் வாசிக்கவில்லை.

மார்ச் 11, புதன்

இப்போது புதுக் கவலை: போட்ட காசை வெளியில் எடுக்கலாமோ. நேற்று இரவு யோசிக்காதவர்கள் இன்று காலை ஏழு மணிக்கு யோசிக்கிறார்கள். சேவியர் கோப்பியோடு வந்து நிற்கிறார்: "நீர் ஒருக்கா எடுத்துப் பாருமன். ஆக்கள் உம்மை நம்பித்தானே போட்டவை."

சரி. பரீட்சித்துப் பார்ப்பது என்றால் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். நீலத்தில் ஐந்து டொலர், பச்சையில் ஐந்து டொலர்; சீட்டு வாங்காமல் எடுக்க விடமாட்டார்கள். இரண்டிலும் ஒரே பக்கம், ஒரே மணித்தியாலம். இல்லாவிட்டால் எப்படி ஒப்பிடுவது? நீலத்தில் எங்கள் சனம் ‘ஓம்’ விலையை ஏற்றி வைத்ததால் ‘இல்லை’ 22 சதம், கொள்ளை மலிவு. அதை வாங்கினேன். பச்சையிலும் ‘இல்லை’.

சாமான் கடையில் மலிவுவிலைத் தட்டுக்குப் போகிற கை. யோசிக்கவே இல்லை.

இரவுக்கு இடியப்பம், சொதி. மெலனி இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு.

மார்ச் 14, சனி

வெயில், ஆனால் குளிர் காற்று. போட்டி இரண்டு மணிக்கு. சேவியர் மில்லிக்கனுக்குப் போய்விட்டார். மச்சாளின் வீட்டில் பெரிய ரீவியில் இருபது பேர் பார்க்கிறார்களாம், ரோல்ஸ், கட்லெட்டோடு. நான் வீட்டில் நின்று உடுப்பு அயன் பண்ணினேன். கீழே பேஸ்மென்றில் அவள் கத்துவது கேட்டுக்கொண்டிருந்தது, ஆங்கிலம்தான், ஆனால் கேம் பாஷை, ஒன்றும் விளங்கவில்லை. நாலரைக்குச் சத்தம் நின்றது.

தோல்வி. இரண்டுக்கு ஒன்று.

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுபோய்ப் படியில் வைத்தேன். "தாங்ஸ்" என்றாள், முகத்தைக் காட்டவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

குழுவில் இழவு வீடு. "வோட் போதாமப் போச்சு." "லண்டன் ஆக்கள் போடேல்லை, அதுதான்." மச்சாள்: "அடுத்தமுறை நேரத்தோட துவங்குவம்."

என் பத்து டொலர் முப்பது ஆகியிருக்கிறது. வெளியே எடுக்க விண்ணப்பித்தேன், பரீட்சைக்கு. பச்சை உடனே. நீலம் "பரிசீலனையில்".

மார்ச் 16, திங்கள்

எழுதக் கை வருகுதில்லை. ஆனால் எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றவில்லை, மெலனி படியேறி வந்தாள். கையில் ஃபோன். போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து கடிதம். ஒரு கிழமைக்குள் ஒரே ஊர்ப்பக்கத்தில் முப்பத்தெட்டுப் புதுக் கணக்குகள், எல்லாம் ஒரே பக்கம் கட்டியிருக்க, இரண்டு தளத்திலும் ஒரே மணித்தியாலத்தில் மறுபக்கம் கட்டிய கணக்கு ஒன்று. அந்தக் கணக்கின் முகவரி எங்கள் வீடு. பெயர் என் பெயர். அந்த மறுபக்கம்தான் வென்றது.

"அம்மா, ப்ளீஸ் இது நீங்களில்லை எண்டு சொல்லுங்கோ."

"நான் சும்மா ரெஸ்ற் பண்ணிப் பாத்தனான் பிள்ளை..."

"எகெயின்ஸ்ற் மீ?"

பட்டியல், மச்சாள், மலிவு, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது. முப்பத்தெட்டுப் பேரும் வோட் என்று நினைத்தார்கள் என்றபோது அவள் சிரித்தாள், அது சிரிப்பே இல்லை.

"அவங்கள் என்ன நினைக்கிறாங்கள் தெரியுமோ? அப்பான்ர ஆக்களை வச்சு ப்ரைஸை ஏத்திப்போட்டு, நான் வேணுமெண்டு தோத்து, நீங்கள் காசு எடுத்தனீங்கள் எண்டு. ரூ இயர்ஸ் விளையாட விடாம பான் பண்ணுவாங்கள் அம்மா. ரீம் என்னை வச்சிருக்காது. நான் படிப்பை விட்டிட்டு வந்தது இதுக்குத்தான், இட்ஸ் ஆல் ஐ ஹாவ்."

பிறகு கதவடியில் நின்று, மெதுவாக: "நான் தோத்துப்போவன் எண்டு நினைச்சனீங்களோ?"

பதில் சொல்ல முதல் கீழே போய்விட்டாள்.

நீலத்தின் விதிகளை இப்போது வாசித்தேன். பதினான்காவது: விளையாடுகிறவர், பயிற்றுநர், அவர்களோடு ஒரே வீட்டில் வசிக்கிறவர், யாரும் காசு கட்டக் கூடாது. பதின்மூன்றில் நிறுத்தியவள் நான். முப்பது வருடம் சின்ன எழுத்து வாசித்த பெருமை எல்லாம் இத்தோடு சரி.

சேவியர் வந்து கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார். பிறகு: "எவ்வளவு வந்தது?"

"முப்பது."

"காட்டிக்குடுத்த யூதாசுக்கும் முப்பது காசுதான்."

பனையால் விழுந்தவளை மாடு ஏறி உழக்கிற மாதிரி. "நீர் ஒருக்கா எடுத்துப் பாருமன்" என்றவர் இவர்தான்! அதைச் சொல்லிக் கத்தினேன். மனிசன் குளிக்கப் போய்விட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

வேலையில் ஒருவரின் வேர்ச்சிகிச்சையை இன்னொருவரின் நேரத்தில் போட்டுவிட்டேன். பரீனா கவனித்துத் திருத்தினாள். தேநீர் நேரத்தில் அவளிடம் சொல்லிவிட்டேன்.

"அல்லாஹ்! ஒங்கட புள்ளைக்கு எதிராவா சல்லி வெச்சீங்க?"

"மலிவு எண்டு வாங்கினது பரீனா."

"மலிவு சரி. மத்தப் பக்கம் மலிவா இருந்திருந்தா அதை வாங்கியிருப்பீங்களா?"

கோப்பையைக் கழுவப் போனேன். நான் வாங்கிய அன்றைக்குப் பச்சையில் ‘இல்லை’ 57 சதம். ‘ஓம்’ 43. அங்கே மலிவு ‘ஓம்’தான். ஒப்பிடுவதற்கு ஒரே பக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்தக் கொப்பியை ஒருவரும் வாசிக்கப் போவதில்லை, ஆகையால் எழுதுகிறேன். அவள் தோற்க வேண்டும் என்று நினைத்தேன். தோற்றால் களைத்துப்போய் விட்டுவிடுவாள், செப்ரெம்பரில் படிப்புக்குத் திரும்பலாம் என்று. அதற்காகக் காசு கட்டவில்லை. ஆனால் பொத்தானை அமத்தியபோது மனம் கொஞ்சம் ஆறியது உண்மை. சீ.

மார்ச் 19, வியாழன்

சனிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை, கணினியில். மெலனியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், அவள் வாய் திறக்கக் கூடாதாம். அதுவரைக்கும் பயிற்சிக்கும் போகக் கூடாது. பேஸ்மென்றில் ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தத்துக்கு மூன்று வருடம் ஏசினவள் நான்.

மச்சாள் வெங்காயச் சம்பலோடு நேரிலேயே வந்துவிட்டார்.

"நாங்கள் முப்பத்தெட்டுப் பேரும் கையெழுத்து வச்சுக் கடிதம் குடுக்கிறம். வோட் எண்டு நினைச்சுத்தான் போட்டனாங்கள் எண்டு."

"மச்சாள், தயவுசெய்து ஒண்டும் செய்யாதேங்கோ."

"பாதரிட்டயும் ஒரு கடிதம் வாங்கலாம்."

"மச்சாள்!"

"ஏன் கத்துறீர்? என்ர மருமகள் அவள். எனக்கும் வயிறு எரியுதுதானே."

எரியட்டும். எல்லாருக்கும் எரியட்டும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கூட்டம், அதில் முதல் ஊதினவள் நான்.

போகும்போது மச்சாள் படியடியில் குனிந்து, "பிள்ளை, மாமி வந்தனான்" என்றார். மெலனி மேலே வந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 21, சனி

விடிய நல்ல வெயில். பதினொரு மணி. திரையில் ஒரு தாடிக்காரர், மரியாதையான ஆள், பின்னால் பூச்சாடி. மகள் எனக்கு ஏதாவது தகவல் தந்தாளா என்பதுதான் தனக்குத் தெரிய வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் நடந்தது, மறக்க முதல் எழுதுகிறேன்.

கே: போட்டியைப் பற்றி மகள் உங்களிடம் என்ன சொன்னார்?
ப: ஒன்றும் சொல்லவில்லை.
கே: அணியில் யாருக்காவது சுகமில்லை, ஏதாவது பிரச்சினை?
ப: தெரியாது.
கே: அணியில் உள்ள மற்றவர்களின் பெயர்?
ப: தெரியாது.
கே: மகளின் போட்டிகள் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்?
ப: ஒன்றும் பார்க்கவில்லை.
கே: மூன்று வருடத்தில்?
ப: ஒன்றும் இல்லை.
கே: அணியில் அவருடைய வேலை என்ன?
ப: சுடுவது.

அவர் வாயோரம் சிரிப்பு. எல்லாரும்தான் சுடுவார்கள், இவருக்கென்று ஒரு பொறுப்பு இருக்குமே என்றார். தெரியாது என்றேன்.

கே: விளையாடும்போது அவருக்கு என்ன பெயர்?

"மெலனி" என்றேன்.

அது இல்லை, திரையில் வருகிற பெயர் என்றார். அப்படி ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. முகம் கொதித்தது. பல் மருத்துவமனையில் எண்ணூறு பேரின் பிறந்த திகதி எனக்குப் பாடம். "தெரியாது" என்றேன். பக்கத்தில் மெலனியின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது, அது நின்றது.

அவர் நீண்ட நேரம் எழுதினார். பிறகு சொன்னார்: தகவல் கைமாறியதற்கு ஓர் அடையாளமும் இல்லை, இந்த அம்மாவிடம் விற்கவோ வாங்கவோ ஒன்றும் இருக்கவில்லை. கணக்குகளை மூட வேண்டும், முப்பது டொலரைத் திருப்ப வேண்டும். மெலனி திங்கட்கிழமை பயிற்சிக்குப் போகலாம்.

திரை அணைந்ததும் மெலனி பாய்ந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு. தலைமயிரில் ஷாம்பு வாசம்.

"அம்மா, யூ வேர் சோ குட்! என்ர பேர் கூடத் தெரியாத மாதிரி... அந்த முகம்! எப்பிடி அம்மா அப்பிடி அக்ற் பண்ணினீங்கள்? அவர் அப்பிடியே நம்பிட்டார்!"

சிரித்துச் சிரித்து அழுதாள்.

"ஓம்" என்றேன்.

அவள் நண்பர்களுக்குச் சொல்லக் கீழே ஓடினாள். நான் குசினியில் தண்ணீர் குடித்தேன். காருக்குள் போய் இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மச்சாளுக்கு ஃபோன் எடுத்தேன். நல்ல செய்தி சொன்னேன். அழுது, மாதாவுக்கு நன்றி சொல்லி முடித்தார். பிறகு கேட்டேன், சும்மா கேட்கிற மாதிரி: மெலனி விளையாடேக்க என்ன பேர், என்ன வேலை?

மூச்சு விடாமல் சொன்னார்.

"லேற்பஸ். உங்கட ஸ்ரௌவ்வில் பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வாறேல்லையெண்டு தானே வச்ச பேர். எதிரி நிக்கிற இடத்துக்கு முதல் ஆளா ஓடுறது எங்கட பிள்ளைதான். அவள் வெடி வாங்கி விழுந்தாத்தான் மற்றவை பின்னால உள்ளுக்குப் போகலாம். அநேகமா அவள்தான் முதல் சாகிறது. பாக்க எனக்கு ஒவ்வொருக்காலும் நெஞ்சு பதறும்."

பிறகு: "ஏன் ஜெசி, உமக்குத் தெரியாதோ?"